வைக்கோலுக்கு எத்தனை பங்காளிகள்

கொக்கட்டிச்சோலை
ஆவணி 25

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மா மூன்று தரம் பார்த்தாள். "இது என்ன, றோட்டுக்குத் தார் போடுற உருளையா?" என்று கேட்டாள். கோதுமை வைக்கோல் என்றால் நம்பமாட்டேன் என்கிறாள். அவளுக்குக் கோதுமை என்றால் கடையில் வாங்கும் மாதான். அதற்குத் தாளும் வைக்கோலும் உண்டு என்று நாம் எங்கே கண்டோம்?

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். வயலுக்குள் நின்றதால் சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. அதுதான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தம்பி படம் பிடித்து அனுப்புவான்.

"இங்கே வைக்கோலை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள், நீங்கள் வயலில் சும்மா எரிக்கிறீர்கள், மட்டக்களப்பிலும் அப்படி ஒன்று போட்டால் என்ன?" என்று கேட்டாய். இங்கிலாந்தில் உனக்குப் பக்கத்தில் ஈலியில் இருக்கும் அந்த மின்நிலையம் 38 மெகாவாட், வருடத்துக்கு 2 இலட்சம் தொன் வைக்கோல் வேண்டும் என்று தம்பி தேடி வாசித்துக் காட்டினான். நல்ல வேலைதான். அங்கேயும் 1993இல் சட்டம் வந்து தடுக்கும்வரை வயலில் நெருப்பு வைத்தவர்கள்தானாம், அதனால் எங்களை மட்டும் ஏசாதே.

இப்போது கணக்கைப் பார். நம்ம வயல் வட்டையில் ஏக்கருக்கு இரண்டு தொன் வைக்கோல் என்று தாராளமாக வைத்தாலும், அந்த ஒரு அடுப்புக்கு ஒரு இலட்சம் ஏக்கர் வைக்கோல் வேண்டும். அதை இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரரிடம் போய்ப் பொறுக்க வேண்டும். அதையெல்லாம் கொடுத்துவிட்டால் மாடு என்ன தின்னும்?

இரண்டு வைக்கோலும் ஒன்றல்ல என்பதும் இருக்கிறது. நம்ம வைக்கோலை வெறும் மேலோடு தூக்கினால் எப்படிச் சுணைக்கும் என்று உனக்குத் தெரியும். அது மண்ணிலிருந்து சிலிக்காவை நிறைய இழுத்து வைத்திருக்கும். எரித்தால் 100 கிலோவில் 15 கிலோவுக்கு மேல் சாம்பலாகவே நிற்கும். கோதுமையில் சாம்பல் அதைவிட நன்றாகக் குறைவு. அந்தக் கோதுமை வைக்கோலே கொதிகலனுக்குத் தொல்லையாம். அதிலுள்ள பொற்றாசியமும் குளோரினும் சூட்டில் கிளம்பிக் குழாய்களில் ஒட்டி அரித்துவிடும். டென்மார்க்கில், வெட்டிய வைக்கோல் மழையில் நனைந்து நிறம் மங்கினால் எரிக்க அதுவே நல்லது என்பார்களாம், மழை அந்த உப்பைக் கழுவிவிடுவதால். இங்கே வைக்கோல் நனைந்தால் உன் அம்மம்மா ஒப்பாரி வைப்பா.

அங்கே கோதுமை வைக்கோல் பெரும்பாலும் மாட்டுக்குப் படுக்கை என்றாயே, அதை மட்டும் நம்ம பசு சிவப்பியின் காதில் போடாதே. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளை வெளியார் பிடித்த பாடு உனக்குத் தெரிந்ததுதான். கோடையில் புல்லும் காய்ந்தால் வைக்கோல்தான் அவளுக்குச் சோறு. வெறும் வைக்கோலில் சத்து குறைவு என்று, விவசாயப் போதனாசிரியர் சொன்னபடி 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் இறுக மூடி மூன்று கிழமை வைத்தேன். திறந்த அன்று ஆர்வத்தில் தலையை உள்ளே விட்டுவிட்டேன். அமோனியா! அரை மணித்தியாலம் கண்ணீர். அம்மா இன்னும் சிரிக்கிறாள். காற்றாடவிட்டுப் போட்டபோது மாடு மிச்சம் வைக்காமல் தின்றது.

மாட்டுக்கு அடுத்த பங்காளி மண். இதை உனக்கு நான் அப்போது சொல்லவில்லை, பரீட்சை நேரம். 2021 மே மாதம் இரசாயன உரம் வருவதை நிறுத்தினார்களே, அந்தப் பெரும்போகத்தில் வைக்கோலே உரம் என்று நினைத்து, முழுவதையும் வயலில் பரப்பி உழுது, நாலாம் நாள் விதைத்தேன். முளைத்தது, பிறகு வயல் முழுக்க மஞ்சள். பச்சை வைக்கோலை உக்கவைக்கும் கிருமிகள் மண்ணில் இருந்த நைதரசனையும் தாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. கொடுக்க யூரியாவும் இல்லை. விளைந்தது ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டைதான். அம்மாவின் காப்பு அந்த வருடம்தான் அடகுக்குப் போனது, தேயாமல் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று அவள் உனக்குச் சொன்னது பொய்.

வைக்கோலில் பிழை இல்லை, என் அவசரம்தான் பிழை. இப்போது வெட்டியவுடன் பரப்பி, மழை விழுந்ததும் உழுது, உக்க மூன்று நாலு கிழமை விடுகிறேன். நெல் எடுக்கும் பொற்றாசியத்தில் ஐந்தில் நாலு பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. எரித்தால் பொற்றாசியம் சாம்பலில் மிஞ்சும், நைதரசன் புகையோடு போய்விடும்.

பிறகு ஏன் எரிக்கிறார்கள்? முன்பு வெட்டிய கதிரை உப்பட்டியாகக் கட்டி, சூடு என்று குவித்து வைத்து, களவெட்டி என்ற களத்தில் மிதித்து முடிந்தால் வைக்கோல் ஒரே இடத்தில் மலைபோல் கிடக்கும். இப்போது வெட்டு மெசின் வயல் நீளத்துக்கும் கொட்டிக்கொண்டு போகிறது. அதைக் கூட்டி ஏற்றக் கூலி வேண்டும், நெருப்புப்பெட்டிக்குச் சில்லறை போதும்.

காளான், கடதாசி, பலகை என்று நீ அனுப்பிய மற்றதையும் பார்த்தேன். சித்தி காளானுக்கு இரண்டு கட்டு கொண்டுபோயிருக்கிறாள், பார்ப்போம். பிரான்சில் மொந்தார்ஜியில் மரச்சட்டத்துக்குள் வைக்கோல் கட்டுகளை அடுக்கி 1920இல் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது என்று தம்பி சொன்னதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அங்க கறையான் இல்லையா?"

இதை எழுதும்போதும் மேற்குப் பக்கம் புகை தெரிகிறது. அந்த மனுசனிடம் மாடும் இல்லை, கூலிக்குக் காசும் இல்லை, நான் எப்படி ஏசுவேன்? மிச்ச இரண்டு ஏக்கரை எரிக்க வேண்டாம், நான் ஏற்றிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். நாளைக்கு விடிய லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) கொண்டுபோக வேண்டும்.

நீ ஒரு வேலை செய். கரண்ட் நிலையத்தை விடு. அந்த உருளையைக் கட்டுகிற மெசினுக்குக் கிட்டப் போய், வயல்காரரிடம் கேட்டுவிட்டு, பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. கயிறு எப்படிச் சுற்றுகிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

குளிருக்குக் காலுறை போடு.

அன்புடன்,
அப்பா