தங்க வண்டி என்ன நிறம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முடிசூட்டு விழாக்கள் பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். 1953 இல் எலிசபெத் மகாராணிக்கு முடிசூட்டியதைப் பார்த்தவர்களிடம்தான் உண்மையான நினைவு இருக்கிறது, 2023 இல் சார்ல்ஸ் மன்னருக்கு நடந்ததை இளம் பிள்ளைகள் யாரும் பொருட்படுத்தவே இல்லை என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் அன்று நடந்தது வேறு. அதை எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

2023 மே 6, சனிக்கிழமை. லண்டனில் மழை. எங்கள் முன்னறையில் என் அப்பா, அப்போது அவருக்கு 82 வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, கடைசிக் காலத்தில் எங்களோடு வந்து இருப்பவர். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் அடுத்த வீட்டு ஆங்கிலேய அம்மா, 79 வயது. தனியாக இருந்து பார்க்க விருப்பமில்லை என்று, அரண்மனை அறிவித்திருந்த முறைப்படி கீரையும் போஞ்சி விதையும் போட்டுச் சுட்ட கீஷ் என்ற பலகாரம் ஒன்றைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் றோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன். என் மகளுக்குப் பதினைந்து வயது. கையில் போனோடு கீழே கம்பளத்தில் இருந்தாள்.

முடிசூட்டு நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் எல்லாம் முடிந்து மன்னரும் ராணியும் தங்க வண்டியில் ஏறினார்கள். 1762 இல் செய்த வண்டி அது. நாலு தொன் எடை, எட்டுக் குதிரை இழுக்க வேண்டும். அதைக் கண்டதும் பக்கத்து வீட்டு அம்மா எழுந்தே விட்டார். "அதே வண்டி! அன்றைக்கும் இப்படித்தான் மழையில் பொன்னாக மின்னியது, இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது" என்றார்.

1953 ஜூன் 2 ஆம் தேதி அவருக்கு ஒன்பது வயது. அவர்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சி. திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, பெரியவர்கள் கதிரைகளில், பிள்ளைகள் தரையில் என்று இருபது பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்களாம். அப்போது சீனிக்கு இன்னும் பங்கீடுதான். விழாவுக்காக ஆளுக்கு ஒரு இறாத்தல் சீனி கூடுதலாகக் கொடுத்தார்கள். அவருடைய அம்மா அந்தச் சீனி முழுவதையும் போட்டு கேக் செய்திருந்தார். தேசிய கீதம் வந்தபோது அந்த நெரிசலிலும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஒருவர் மடியிலிருந்த கேக் தட்டு விழுந்தது என்பது வரைக்கும் சொன்னார். கேக் செய்த அவருடைய அம்மா 1937 இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டை வானொலியில் கேட்டவர். அந்த ஆண்டு தொலைக்காட்சிக் கமெரா ஹைட் பார்க் மூலையில் நின்று ஊர்வலத்தை மட்டும் காட்டியது. அபேக்குள் அதற்கு இடமில்லை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார். "நீங்கள் பார்த்த பெட்டி கறுப்பு வெள்ளை. அதில் பொன்னிறம் எப்படித் தெரிந்தது?"

அந்த அம்மாவுக்குப் பதில் வரவில்லை. முகம் வாடிவிட்டது. எழுபது வருடமாக வைத்திருந்த நினைவை யாரோ தட்டிப் பறித்தது போல. எனக்கு அப்பா மேல் கோபம்கூட வந்தது. நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே சொன்னார்: "பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகச் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அது வண்ணப் படம்."

அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பார்த்ததும் அந்த வண்ணப் படத்தைத்தான்!

அவருடைய கதை இது. ஜூன் 2 அன்று பின்னேரம் ஊர்த் தபாலதிபர் வீட்டு வாசலில் கூட்டம். லண்டனில் மத்தியானம் 12.34 க்கு ராணியின் தலையில் கிரீடத்தை வைத்தபோது இலங்கையில் மாலை 5 மணி தாண்டிவிட்டது. வானொலியில் இரைச்சல்தான் கூட, நடுவில் வாத்திய ஒலி, பிறகு ஆட்கள் சேர்ந்து கத்துவது மட்டும் கேட்டதாம். சில வாரம் கழித்து வாத்தியார் ஒருவர் பன்னிரண்டு வயதுப் பையன்களை பஸ்ஸில் யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு அழைத்துப்போய், படமாளிகையில் அந்தப் படத்தைக் காட்டினார். இலங்கையில் தொலைக்காட்சி வந்ததே 1979 இல்தான். ஆக, லண்டன் சிறுமி அதே நாளில் பார்த்தது சாம்பல் நிறம். யாழ்ப்பாணத்துச் சிறுவன் பிந்திப் பார்த்தாலும் முதல் முறையே பொன்னிறத்தைக் கண்டுவிட்டார்.

"அப்ப அம்மப்பா, நீங்கள் ரெண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பார்த்திருக்கிறீங்கள்" என்றாள் மகள். அதோடு விடவில்லை. போனில் 1953 ஆம் ஆண்டு நேரடி ஒளிபரப்பைத் தேடி எடுத்து இருவர் நடுவிலும் பிடித்தாள். இரண்டு வெள்ளைத் தலைகளும் அந்தச் சின்னத் திரை மேல் குனிந்தன. தங்க வண்டி சாம்பலாக நகர்ந்து போனது. "அன்று பார்த்த பெட்டி இதைப்போல இரண்டு மடங்கு இருக்கும், அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா. அப்புறம் மழையில் திறந்த வண்டியொன்று. மற்றவர்கள் எல்லாம் கூரையை இழுத்து மூடிக்கொண்டு போக, நனைந்தபடியே சிரித்துக் கையசைத்துப் போன டொங்கா நாட்டு அரசி சலோட்டே. பெயரை இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். இளம் பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை என்பது சரியில்லை. 1953 இல் பிரித்தானியாவில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2023 இலும் உச்ச நேரத்தில் 2 கோடிக்கு மேல் பார்த்தார்கள். சனத்தொகை கூடியிருக்கிறது, அதனால் விகிதம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மகள் பார்த்ததை நாங்கள் மூவரும் பார்க்கத் தவறினோம். ரிஷி சுனக் பிரதமராக வேதாகமம் வாசித்ததையும், படேல் பிரபு மன்னரிடம் மோதிரத்தைக் கொண்டுபோனதையும், சிங் பிரபு கையுறையைக் கொண்டுபோனதையும் எங்களுக்குக் காட்டியவள் அவள்தான். 1953 இல் இதை யாரும் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

வண்டி வருவதற்கு முன், அபேக்குள் மன்னருக்கு எண்ணெய் பூசும் சடங்கின் நேரம் வந்தபோது மன்னரைச் சுற்றி மூன்று பக்கமும் திரை வைத்தார்கள். "ஏன் மறைக்கினம்?" என்று மகள் கேட்டாள். "அன்றைக்கும் காட்டவில்லை" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். 1953 இல் நாலு பேர் விதானம் பிடித்தார்கள், கமெரா விலகிக்கொண்டது. அபேக்குள் நேரடி ஒளிபரப்பே வேண்டாம் என்றுதான் 1952 இல் முதலில் முடிவாகியிருந்தது. பத்திரிகைகளும் பொதுமக்களும் எதிர்த்த பிறகே அது மாறியது. மாறிய பிறகும் அந்தச் சில நிமிடத்தை யாருக்கும் காட்டவில்லை. ஆகவே முழுதாகப் பார்த்த தலைமுறை என்று ஒன்று கிடையாது.

மகள் அந்தத் திரையைப் பற்றியும் போனில் வாசித்தாள். அதில் தைத்திருந்த மரத்தின் இலைகளில் பொதுநலவாய நாடுகள் 56 இன் பெயர்களும் இருக்கின்றன. "அப்ப சிறிலங்காவும் இருக்கு" என்றாள். 1953 இல் எலிசபெத் இலங்கைக்கும் ராணி. அவருடைய முடிசூட்டு ஆடையில் நோர்மன் ஹார்ட்னெல் இலங்கைக்காகத் தாமரை தைத்திருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ராணி கொழும்புக்கே வந்தபோது, அங்கே அதே ஆடையை அணிந்தார்.

தாமரையைப் பற்றி அப்பாவுக்கு அவ்வளவு பிடிப்பில்லை. அவருக்கு அந்த ஆண்டென்றால் அரிசி. முடிசூட்டுக்குப் போய்வந்த பிரதமர் டட்லி சேனநாயக்காவின் அரசு ஜூலையில் பங்கீட்டு அரிசியின் விலையை கொத்து என்ற அளவைக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 12 இல் ஹர்த்தால். அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அப்பம்மா அந்த மாதங்களில் இராச்சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்ததை அப்பா சொன்னபோது, பக்கத்து வீட்டு அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்குச் சீனி கூடுதலாகக் கொடுத்தார்கள்" என்று மட்டும் சொன்னார். அன்று அந்த அறையில் நான் கேட்டவற்றில் மிகக் கனமான வார்த்தை எனக்கு அதுதான்.

1953 இன் நினைவு மேலா, 2023 இன் நினைவு மேலா என்று தராசில் வைக்கும் வேலையே வேண்டாம் என்பது என் எண்ணம். தனியாக இருந்திருந்தால் அந்த அம்மா சாம்பல் நிறப் பெட்டியில் பொன்னைக் கண்டதாகவே கடைசிவரை நம்பியிருப்பார். அப்பா கேட்டதால் மறந்துபோன சினிமாப் பயணம் திரும்பி வந்தது. மகள் தேடிக் காட்டியதால் சலோட்டே அரசி இருவருக்கும் ஒன்றாக வந்தார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று அந்த நாளில் பிரித்தானிய முடியின் கீழ் இருந்த ஊர்களில் 1953 ஐ வானொலியிலும் படமாளிகையிலும் கேட்டும் பார்த்தும் வளர்ந்த தமிழர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய நினைவுகளுக்கு இதழில் சில பக்கங்கள் ஒதுக்குங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். கேள்விகளை என் மகள் தயார் செய்து தருவதாகச் சொல்கிறாள். முதல் கேள்வி, நீங்கள் பார்த்தபோது தங்க வண்டி என்ன நிறம்?

முடிசூட்டு விழாவுக்காக இலங்கை வெளியிட்ட 5 சதத் தபால்தலை ஒன்றை அப்பா பழைய அகராதிக்குள் வைத்திருந்தார். அதைப் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு மூலை கிழிந்திருக்கும். அது தபாலதிபர் கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது, நான் கிழிக்கவில்லை என்று எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லண்டன்