சிங்க் அடைப்பும் ட்ரெயின் பவுடரும்: அந்த குறிப்ப திருத்துங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்டுக்குறிப்பு பகுதியில, கிச்சன் சிங்க் அடைச்சா ஒரு பாக்கெட் ட்ரெயின் பவுடர் கொட்டி கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, அப்பவும் போகலன்னா பாத்ரூம் ஆசிட் கொஞ்சம் விடுங்கன்னு போட்டிருந்தீங்க. படிச்சதும் மனசு பதறிடுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளி சமயத்துல நானும் இதே பவுடரத்தான் கொட்டினேன், ஆனா அதுல புண்பட்டது நான் இல்ல, எங்க வீட்டுக்கு வந்த பிளம்பர் தம்பி.

முறுக்கு, அதிரசம் எல்லாம் சுட்டுட்டு வாணலிய அப்படியே சிங்க்ல போட்டு கழுவினோம், மறுநாள் தண்ணி இறங்கவே இல்ல, பவுடர் கொட்டி வெந்நி ஊத்தினேன், ராத்திரி பூரா அப்படியே நின்னுச்சு. காலையில அந்த தம்பி வந்து சிங்குக்கு அடியில உக்காந்து பைப்ப கழட்டினப்போ உள்ள நின்ன தண்ணி மொத்தமும் முழங்கை வரைக்கும் கொட்டிடுச்சு. "என்னக்கா வழவழன்னு இருக்கு, சோப்பு தண்ணியா"ன்னு தான் முதல்ல கேட்டாரு. அது சோப்பு இல்லைங்க, பவுடர்ல இருக்கிற காஸ்டிக் சோடா நம்ம தோல்ல இருக்கிற கொழுப்பையே சோப்பாக்கும்போது தான் அப்படி வழுக்கும். கொஞ்ச நேரத்துல எரிய ஆரம்பிச்சு, குழாய திறந்து விட்டு ரொம்ப நேரம் கைய காட்டியும் தோல் உரிஞ்சிடுச்சு, ஒரு வாரம் அவரு வேலைக்கு போக முடியல. பவுடர் போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லணும்னு எனக்கு அன்னிக்கு தெரியல, அது இன்னும் உறுத்துது.

நின்ன தண்ணியில கொட்டுற பவுடர் அடைப்பு இருக்கிற இடத்துக்கு ஒழுங்கா போய் சேருறது இல்ல, பாதி கரையாம அடியில கல்லு மாதிரி இறுகிடும். அதுமேல ஆசிட் ஊத்தினா சூடாகி மூஞ்சியில தெறிக்கும், அதே ஆசிட் ப்ளீச்சிங் பவுடரோட சேர்ந்தா குளோரின் வாயு வரும், மூடின சமையக்கட்டுல அத சுவாசிச்சா உயிருக்கே ஆபத்து. கொதிக்கிற தண்ணியும் வேணாம், நம்ம வீட்டு பைப்பெல்லாம் பிவிசி, 80 டிகிரி கிட்ட போனாலே இளகிடும். ஆப்ப சோடாவும் வினிகரும் நுரைச்சு பாக்க நல்லா இருக்கும், ஆனா ஒண்ண ஒண்ணு முறிச்சுடும், எண்ணெய் கட்டிய அது ஒண்ணும் பண்ணாது.

பெரும்பாலும் அடைப்பு நம்ம கைக்கு எட்டுற இடத்துல தான் இருக்கு. சிங்குக்கு கீழ குப்பி மாதிரி தொங்குமே, பாட்டில் ட்ராப், கரப்பானும் நாத்தமும் மேல வராம இருக்க கொஞ்சம் தண்ணிய எப்பவும் பிடிச்சு வெச்சிருக்கும், குப்பையும் அதுல தான் தங்கும். பவுடர், ஆசிட் எதுவும் போடாத சிங்க்னா மேல நிக்கிற தண்ணிய மக்குல அள்ளிட்டு, கீழ பக்கெட் வெச்சு, அந்த குப்பிய கையாலயே திருகி கழட்டலாம், ஸ்பேனர் கூட வேணாம். எங்க வீட்டுல வந்தது ஒரு கை நிறைய மெழுகு மாதிரி கட்டி, அதுக்குள்ள கடுகு, காபித்தூள், தேங்கா நார், பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரோட துணுக்கு. பழைய பிரஷ்ல தேச்சு கழுவி, வாஷர் நேரா உக்காந்திருக்கான்னு பாத்து மாட்டிட்டு, கீழ பழைய நியூஸ்பேப்பர விரிச்சு வெச்சா ஒரு சொட்டு கசிஞ்சாலும் தெரிஞ்சிடும். சில வீட்டுல ட்ராப்பே இருக்காது, வெறும் மடிப்பு மடிப்பான ஹோஸ் தான், அதையும் இதே மாதிரி கழட்டி உதறிடலாம். குப்பி சுத்தமா இருந்தும் தண்ணி போகலன்னா அடைப்பு செவுத்துக்குள்ள, அதுக்கு ஹார்டுவேர் கடையில கிடைக்கிற ஸ்பிரிங் ஒயர விட்டு சுத்தி இழுக்கணும்.

மேல் வீட்டுக்காரங்க தண்ணி விட்டா உங்க சிங்க்ல பொங்குதுன்னா அடைப்பு மெயின் லைன்ல, அதாவது எல்லா வீட்டுக்கும் பொதுவான கழிவு பைப்ல. அங்க போய் நிக்கிறதும் நாம ஊத்தின எண்ணெய் தான். வாணலிய பழைய பேப்பர்ல துடைச்சு குப்பையில போட்டுட்டு கழுவ ஒரு நிமிஷம் கூட ஆகாது. அத செய்யாம லைன் அடைச்சதும் யாராவது ஒருத்தர உள்ள இறங்க சொல்றது இன்னும் நடக்குது. பாதுகாப்பு இல்லாம சாக்கடை, செப்டிக் டேங்க்ல ஆள இறக்க கூடாதுன்னு 2013-லயே சட்டம் வந்தாச்சு, அப்படி இறங்கி செத்தா குடும்பத்துக்கு 30 லட்சம் குடுக்கணும்னு 2023-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. எங்க அசோசியேஷன்ல இப்ப மெஷின் வண்டிய மட்டும் தான் கூப்பிடுறோம்.

உங்க பேப்பர நம்பி செய்யறவங்க நிறைய பேர், எங்க தெருவுலயே அந்த குறிப்ப வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்காங்க. அதனால வர ஞாயித்துக்கிழமை அதே இடத்துல, அதே அளவு எழுத்துல ஒரு திருத்தம் போடுங்க. ஏற்கனவே பவுடரோ ஆசிட்டோ ஊத்தினவங்க, பிளம்பர் வாசப்படி ஏறினதும் முதல்ல அத சொல்லணும்னு ஒரு வரியாவது அதுல இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.