கூட்டிய இலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமூகத் தோட்டம் என்றால், கூடை நிறைய வெண்டைக்காயுடன் நாலு பேர் நிற்கும் படம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். எங்கள் தோட்டத்திலும் அப்படிப் படம் எடுத்திருக்கிறோம். நான் இன்று எழுதுவது அந்தத் தோட்டத்தைத் தாண்டிப் போகும் மூட்டைகளைப் பற்றியும், அதே தோட்டத்துக்குள் வந்து இறங்கும் மூட்டைகளைப் பற்றியும்.

எனக்கு 66 வயது. சிங்கப்பூர்த் தீவின் வடக்கே, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்புறம் உள்ள தோட்டத்தில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கறிவேப்பிலை, பண்டான், லெங்குவாஸ், பொன்னாங்கண்ணி, வெண்டை, மிளகாய் என்று கலந்து கட்டி வளர்க்கிறோம். புளோக்கைச் சுற்றி நான்கு தூங்குமூஞ்சி மரங்களும் இரண்டு அங்சானாவும் நிற்கின்றன. விடிந்ததும் துப்புரவுப் பணி செய்யும் தம்பி வந்து கூட்டத் தொடங்குவார். புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. கூட்டி அள்ளினால் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் ஐந்தாறு பை தேறும். பத்து மணிக்குள் அவ்வளவும் குப்பை மையத்துக்குப் போய்விடும்.

அதே வாரத்தில் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கிய தொட்டி மண், பிளாஸ்டிக் பைகளில் வந்து இறங்கும். பையைப் பிரித்துக் கையை விட்டால் மக்கிய இலையும் தேங்காய் நாரும் மரத்தூளும் வருகின்றன. காலையில் எங்கள் கண்ணெதிரே பையில் கட்டிப் போனது எதுவோ, அதையே வேறொரு பையில் காசு கொடுத்து வாங்குகிறோம். இது எனக்குப் புரிவதற்கே சில வருடங்கள் ஆகின. புரிந்த பிறகு பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எங்களிடம் முன்பு மூன்று உரத்தொட்டிகள் இருந்தன. இப்போது இல்லை. ஏன் இல்லாமல் போயின என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தொட்டிகள் வைத்த புதிதில் 14 வீடுகளில் இருந்து காய்கறித் தோலும் பழத்தோலும் தந்தார்கள். வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது சாதாரண நாளில் எட்டு, ஒன்பது கிலோ வந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் மலாய்க்கார அம்மா, எங்கள் மாக்சிக், முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, நொறுக்கி, பிஸ்கட் டின்னில் கொண்டு வருவார். காப்பிக்கடைக்காரர் காப்பிச் சக்கையை ஒரு வாளியில் தனியாக எடுத்து வைப்பார். தேயிலைச் சக்கையும் உண்டு. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பிறகு ஒரு சீனப் புத்தாண்டு வந்தது. வீட்டுக்கு வீடு கமலா ஆரஞ்சுத் தோல், பொமெலோ தோல், அன்னாசித் தோல். நான்கு நாளில் மூன்று தொட்டியும் நிரம்பி வழிந்தன. வடகிழக்குப் பருவமழையின் வால் வேறு, நிற்காமல் பெய்தது. ஈரக் கழிவு ஒரு பங்கு போட்டால் காய்ந்த இலை இரண்டு பங்கு போடவேண்டும். எங்களிடம் ஒரு பிடி காய்ந்த இலை இல்லை. ஐந்தாம் நாள் காலையில் மூடியைத் திறந்தேன். உள்ளே எல்லாம் கூழாகி, புளித்த மாவு நெடி அடித்தது. முந்திய இரவு மழையில் புழுக்கள் தொட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாக வெளியேறி, மின்தூக்கிக்குப் போகும் நடைபாதை வரை ஊர்ந்திருந்தன. சாம்பல் நிறத்தில், விரல் நகம் நீளத்துக்கு. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

அவை ‘பிளாக் சோல்ஜர்’ ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது. உணவுக் கழிவைத் தின்று தீர்ப்பதில் அவற்றுக்கு இணையில்லை என்பதால் அவற்றை வளர்ப்பதே இங்கு தொழிலாக நடக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு நடைபாதையில் புழுவைப் பார்ப்பவரிடம் இதைச் சொல்ல முடியுமா? புகார் போனது. பராமரிப்புப் பொறுப்பில் உள்ள அலுவலகத்தில் இருந்து ஏழு நாளில் தொட்டிகளை அகற்றும்படி அறிவிப்பு ஒட்டினார்கள். நாற்றம் வந்தது உண்மை. புகார் செய்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் வேறொன்றின் மீது. நாங்கள் காய்ந்த இலை இல்லாமல் தவித்த அந்த நான்கு நாளும், தொட்டியில் இருந்து இருபது அடி தூரத்தில்தான் அந்தத் தம்பி இலை மூட்டைகளை இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டு பை மட்டும் விட்டுப் போகச் சொல்லி அவரிடம் கேட்டேன். அவர் தயங்கினார். “அக்கா, கூட்டினதெல்லாம் மையத்துக்கு வரணும்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு. தோட்டத்துல கொட்டினேன்னு யாராவது போட்டோ எடுத்துட்டா என் வேலைக்கு ஆபத்து” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஊரில் குடும்பத்தை விட்டு வந்து உழைக்கிற பிள்ளையை என் உரத்தொட்டிக்காக மாட்டிவிட முடியாது. அனுமதி தரவேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள்.

எதை எரிக்கிறோம், எங்கே கொட்டுகிறோம் என்பது இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் என் வீட்டுக் கதையாகச் சொல்கிறேன். என் கணவர் குப்பை லாரி ஓட்டியவர். லோரோங் ஹாலுஸ் குப்பை மேட்டில் கொட்டிவிட்டு வருவார். 1999 மார்ச் 31ல் அந்த இடத்தை மூடினார்கள். மறுநாளில் இருந்து செமாக்காவ் தீவில் கொட்டினார்கள். நிலத்தில் இடம் தீர்ந்து, கடலில் ஏழு கிலோமீட்டர் கல்கரை கட்டி உண்டாக்கிய இடம் அது. குப்பையை எரித்தால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தச் சாம்பலை துவாசில் இருந்து படகில் ஏற்றிப் போய் அங்கே கொட்டுகிறோம். 2045 வரை தாங்கும் என்று எண்ணியிருந்த இடம் 2035லேயே நிரம்பிவிடும் என்று பிறகு சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் கணவர் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

உணவுக் கழிவில் பெரும்பாதி தண்ணீர். தண்ணீரைக் கொண்டுபோய் நெருப்பில் போடுகிறோம். பெரிய ஹோட்டல்களும் கடைத்தொகுதிகளும் உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்தாக வேண்டும் என்று 2024ல் இருந்து சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவளுக்குக் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து போடுவதைத் தவிர வேறு வழி காட்டப்படவில்லை. நாட்டில் உண்டாகும் உணவுக் கழிவில் ஐந்தில் ஒரு பங்குகூட மறுபயனீட்டுக்குப் போவதில்லை என்றால், அதற்குக் காரணம் மக்களுடைய அக்கறையின்மை மட்டும் அல்ல. பதினான்கு வீட்டார் தினமும் தோலைப் பிரித்துக் கொண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

நான் பிறந்தது செம்பவாங்கில். அப்பாவுக்குக் கடற்படைத் தளத்தில் வேலை. எங்கள் கம்பத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு வாழைமரக் கூட்டம் இருந்தது. அம்மா அதன் பக்கத்தில் குழி வெட்டி, மீன் கழுவிய தண்ணீர், காய்த்தோல், அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் அதில் போட்டு மேலே சருகு தள்ளுவார். குழி நிரம்பினால் அடுத்த பக்கம் இன்னொரு குழி. சருகு போடாமல் விட்டால் ஈ மொய்க்கும் என்று எங்களுக்குத் திட்டு விழும். ஐம்பது வருடம் கழித்து நான் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதும் அதையேதான்: ஈரத்துக்கு மேல் சருகு.

சருகிலும் வகை உண்டு. தூங்குமூஞ்சி இலை சின்னது, பருப்புக் குடும்பத்து மரம், சீக்கிரம் மக்கும். அங்சானாவும் பரவாயில்லை. மகோகனி இலை தடிப்பு, கத்திரித்துப் போட்டால்தான் மக்கும். நாட்டு வாதுமை இலையை அப்படியே போட்டால் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு காற்றே போகவிடாது. கலவையை ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும், ஒழுகக்கூடாது. வாரம் இருமுறை புரட்டவேண்டும். நம் வெயிலுக்கு மூன்று மாதத்தில் மண் வாசனை வந்துவிடும். சமைத்த சோறு, எண்ணெய், மீன், இறைச்சி போடவே கூடாது. எலி வந்தால் பிறகு யாராலும் நம்மைக் காப்பாற்ற முடியாது.

வெட்டிய கிளைகளும் தோட்டக் கழிவும் இங்கே வீணாவதில்லை என்று சிலர் சொல்வார்கள். சரிதான். கரையோரப் பூந்தோட்டங்களில் கண்ணாடிக் கூடங்களைக் குளிரவைக்க மரக்கழிவைத்தான் எரிக்கிறார்கள். கட்டைக்கு அது நல்ல வழி. இலைக்கு மண்தான் வழி.

தோட்டக்காரர்களான நாங்களும் எங்கள் பங்குக்குக் குப்பை உண்டாக்குகிறோம். கறுப்பு நாற்றுத் தொட்டிகள், நைலான் வலை, கேபிள் டை, உரப் பைகள். மண் ஒட்டிய தொட்டியை அப்படியே மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியில் போட்டால் அதனுடன் இருக்கும் நல்ல காகிதமும் கெடும். நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு ஆகாதது என்று தேசியச் சுற்றுப்புற அமைப்பு சொல்கிறது. எங்கள் தோட்டத்தில் இப்போது தொட்டிகளைக் கழுவி அளவு வாரியாக அடுக்கி, நாற்று வாங்கிய கடைக்கே திருப்பித் தருகிறோம். கேபிள் டையை விட்டுவிட்டுப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக் கட்டுகிறோம். தக்காளித் தண்டை அது அறுப்பதில்லை.

ஈரச்சந்தை மீன்கடைகளின் வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டியில் செடி வைப்பதை நான் இப்போது எதிர்க்கிறேன். முன்பு நானே செய்தவள். ஒன்றிரண்டு வருட வெயிலில் அது பொரி பொரியாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடுகிறது. பொறுக்கவும் முடியாது, சலிக்கவும் முடியாது. பழைய டயரும் அப்படித்தான். உள்விளிம்பில் தண்ணீர் நின்றால் ஒரே வாரத்தில் ஏடிஸ் கொசு. டெங்கியில் படுத்து எழுந்தவர்கள் எங்கள் புளோக்கில் இருக்கிறார்கள். குப்பையைத் தோட்டத்துக்கு இடம் மாற்றிவிட்டு மறுபயனீடு என்று பெயர் வைக்க வேண்டாம்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவிலில் இருந்து சாமந்தி, ரோஜா மாலைகளை ஒருமுறை உரத்துக்கு வாங்கி வந்தோம். பூ மூன்று வாரத்தில் மக்கிவிட்டது. நைலான் நூலும் ஜிகினாவும் பிளாஸ்டிக் மணியும் அப்படியே கிடந்தன. இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஒரு பிற்பகல் முழுக்க ஒவ்வொரு இழையாக உருவி எடுத்தோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தேக்கா சந்தைப் பக்கம் மாலை வாங்கும்போது வாழை நாரில் அல்லது பருத்தி நூலில் கட்டியதைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் கடைக்காரர் கட்டுவார்.

இனி என் கோரிக்கை. சமூகத் தோட்டங்களுக்கான ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டம் 2005ல் தொடங்கியது. இன்று தீவெங்கும் ஏறக்குறைய 2,000 சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. உரம் செய்யப் பயிற்சி எடுத்த தோட்டங்களுக்கு மட்டுமாவது, அந்தந்த புளோக்கைச் சுற்றிக் கூட்டிய இலையைத் தோட்ட வாசலிலேயே விட்டுப்போகத் துப்புரவு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கவேண்டும். வேறு செலவு இல்லை. அந்தத் தம்பிக்கும் மூட்டையை மையம் வரை இழுக்கும் வேலை மிச்சம். இலை வந்தால் நாற்றம் வராது. மூடியுள்ள தொட்டி, எலி நுழையாத வலை, வாரம் ஒருமுறை சோதனை என்று என்ன நிபந்தனை போட்டாலும் நாங்கள் கையெழுத்துப் போடத் தயார். சோதனையில் தவறினால் தொட்டியை எடுத்துப் போகட்டும்.

இப்போது என் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஒரே ஒரு சிறு வாளியில் உரம் செய்கிறேன். தினமும் பூங்காவில் நடக்கப் போகும்போது ஒரு பை சருகு பொறுக்கி வருகிறேன். அது என் ஒரு வீட்டுத் தோலுக்குத்தான் போதும். மாக்சிக் இன்னமும் முட்டை ஓடு கொண்டு வந்து தருகிறார், வாங்கி வைத்துக்கொள்கிறேன். மற்றவர்களும், “தொட்டி எப்போது திரும்ப வரும்?” என்று கேட்கிறார்கள். அடுத்த சீனப் புத்தாண்டுக்கு மறுபடி கமலா ஆரஞ்சுத் தோல் மலையாக வரும். அதற்கு ஒரு மாதம் முன்பே எங்களிடம் இருபது பை காய்ந்த இலை சேர்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வடக்கு சிங்கப்பூர்