சூரைச்செடியின் கீழே படுத்திருப்பவருக்கு அடையும் தண்ணீரும்

திருநெல்வேலிச் சீமையின் சேகரங்களை (சபை வட்டாரங்களை) நடத்தும் போதக ஐயரவர்களுக்கும் மிஷனெரிக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பான ஸ்தோத்திரம்.

வடக்கே போன மிஷனெரி ‘சோர்வாக இருக்கிறது’ என்று எழுதினால், இங்கிருந்து போகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘விசுவாசத்தில் உறுதியாயிருங்கள், ஜெபிக்கிறோம்.’ பதிலில் தப்பில்லை. அதோடு நின்றுவிடுகிறோமே, அதுதான் தப்பு. சூரைச்செடியின் கீழே ‘போதும் கர்த்தாவே’ என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். தூங்கவிட்டு, இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் அவரோடே பேசினதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் காட்டுப் பகுதிகளில் பால்சிபாரம் மலேரியாவும் உண்டு, வைவாக்ஸ் மலேரியாவும் உண்டு. வைவாக்ஸுக்கு 3 நாள் குளோரோகுயின் போட்டதும் காய்ச்சல் இறங்கிவிடும். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி சாக வேண்டுமானால் பிரைமாகுயினை 14 நாள் விடாமல் போடவேண்டும். ஐந்தாம் நாளே நிறுத்தினால், சில வாரமோ சில மாதமோ கழித்து, புதிதாகக் கொசு கடிக்காமலே காய்ச்சல் திரும்பும். மூன்றாந்தரம் படுத்தவர் ‘ஆண்டவர் கைவிட்டாரோ’ என்று கேட்பார். நாம் சாத்தானின் போராட்டம் என்று சொல்லி உபவாச ஜெபம் வைப்போம். வையுங்கள், மாத்திரையை எண்ணி முடித்தாரா என்றும் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் ஜி6பிடி என்ற இரத்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் அந்த மாத்திரை ஆகாது. ஆகவே ஜி6பிடி இரத்தப் பரிசோதனையைப் புறப்படுமுன் இங்கேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. இந்தியில் நொடிக்கு ஒரு ‘ப’ (pal), பழத்துக்கு ஒரு ‘ப’ (phal), பலத்துக்கு ஒரு ‘ப’ (bal). நம் எழுத்தில் எழுதினால் மூன்றும் ‘பல்’. தமிழில் குறித்துவைத்த நோட்டைப் பார்த்துப் பேசுகிறவர் வாயில் பழமும் பலமும் நொடியாகிவிடும். எதிரே இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதோடு வாய் அடைத்துப்போகும். முதல் மூன்று வாரம் இந்தியை எழுதும் தேவநாகரி எழுத்து மட்டும் படிக்கட்டும். ஆனால் தனி ஜெபத்தைப் புது மொழிக்கு மாற்றச் சொல்லாதீர்கள். அதில் விலை கேட்க வரும், வழி கேட்க வரும், அழ வராது. தமிழ் வேதாகமமும் பாமாலையும் கீர்த்தனைப் புத்தகமும் பெட்டியில் இருக்கட்டும்.

பணம். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது நம் சொந்தக் காணிக்கையில். உலை வைக்கும்போது தனிப்பானையில் போடுகிற கைப்பிடி அரிசியும் இந்த ஊழியத்தைத் தாங்கியது. ஜூனில் பள்ளிக்கூடப் பீஸ் வந்தால் காணிக்கை மெலியும். அங்கே இருக்கிற மளிகைக்கடைக்காரருக்கு அது தெரியாது. மிஷனெரிக்குரிய மூன்று மாதப் படிப்பணத்தைத் தனிக்கணக்கில் போட்டு, அதிலிருந்து 1-ம் தேதி அனுப்புங்கள். காணிக்கை வரவர நிரப்பிக்கொள்ளுங்கள். ‘விசுவாச ஜீவியம்’ என்று சொல்லி இருபதாம் தேதி அனுப்புவது கமிட்டியின் சோம்பலுக்குப் போர்த்திய வேதவசனம்.

மாத அறிக்கையில் ‘ஞானஸ்நானம் எத்தனை?’ என்பது முதல் கேள்வியாக வேண்டாம். எட்டு மாதம் பூஜ்யம் எழுதினவர் ஒன்பதாம் மாதம் எண்ணைக் கூட்டுவார், அல்லது எழுதுவதையே விடுவார். எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள், எத்தனை இரவு தூக்கம் வரவில்லை என்று கேளுங்கள். டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல், 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். நம் படிவத்தை நீட்டியிருந்தால் என்ன எண் எழுதியிருப்பார்?

கடைசியாக, டிசம்பரில் ஐம்பது பேர் மிஷனெரியைப் பார்க்கப் போய்ப் போட்டோ எடுப்பதைவிட ஆகஸ்டில் இரண்டு பேர் போங்கள். மழையும் காய்ச்சலும் அப்போதுதான். கருப்பட்டியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுபோங்கள். பிரசங்கக் குறிப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
புறப்படும் மிஷனெரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் உடன் ஊழியர்கள்,
பாளையங்கோட்டை.