அப்பாவின் கேள்விக்குப் பதில்

பேர்ண், சுவிற்சர்லாந்து,
12.10.2025

அன்பின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கால் வீக்கம் குறைந்துவிட்டதா?

"எட்டு வருசமா வரி கட்டுறாய், ஒரு வோட்டு இல்லை, பிறகென்ன சுதந்திர நாடு?" என்று போன கிழமை போனில் கேட்டீர்கள். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு இரவாக அதையே யோசித்துக்கொண்டு இருக்கிறேன்.

வோட்டு இல்லாதது உண்மைதான். சாதாரணமாகப் பத்து வருடம் இருந்தால்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியும். நொய்சாத்தல் மாநிலத்தில் நிரந்தர வதிவிடம் உள்ள வெளிநாட்டவர் உள்ளூர், மாநில வாக்கெடுப்புகளில் பங்குபற்றலாம். பேர்ணில் அது இல்லை. அது எனக்கும் மனவருத்தம்.

ஆனால் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் 91 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். செப்டெம்பர் 28 வாக்கெடுப்புக்கான உறை அவருக்கு முன்னதாகவே தபாலில் வந்தது. அதோடு வரும் சிவப்பு அட்டைப் புத்தகத்தை ஒரு கிழமையாக உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வாசித்தார். சட்டத்தை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் அரசாங்கமே அச்சடித்து அதற்குள் வைக்கிறது, அப்பா. வாக்காளர் அட்டையில் கையெழுத்து வைக்கும்போது அவருடைய கை நடுங்கியது. மேசையில் அட்டை நழுவாமல் பிடிக்கப் போனேன். "விடு பிள்ளை, இது என்னுடைய வேலை" என்று என் கையைத் தள்ளிவிட்டார்.

மின்னணு அடையாள அட்டைச் சட்டம் பற்றிய வாக்கெடுப்பு அது. 2021இல் இதே விசயம் வந்தபோது, தனியார் கம்பனிகள் அட்டை வழங்குவதா என்று 64.4 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அரசே வழங்கும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அதையும் எதிர்த்தவர்கள் கையெழுத்துச் சேர்த்தார்கள். 100 நாளுக்குள் 50,000 கையெழுத்து சேர்ந்தால் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மக்களிடம் வந்தே ஆகவேண்டும். இந்த முறை 50.4 சதவீதத்தில் அரும்பொட்டாக நிறைவேறியது. "நான் தோற்றுப்போனேன்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தார். தோற்றவர் முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நாங்கள் தோற்றபோதெல்லாம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இங்கே எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. 2009இல் பள்ளிவாசலுக்கு மினாரா என்ற உயர்ந்த கோபுரம் கட்டக்கூடாது என்று 57.5 சதவீதம் வாக்களித்தார்கள். அப்போது நாடு முழுவதும் இருந்ததே நாலு மினாராதான். அப்பென்செல் இன்னர்றோடன் மாநிலத்து ஆண்கள் 1990இல்கூடப் பெண்களுக்கு மாநில வாக்குரிமை இல்லை என்று கை உயர்த்தினார்கள். அதே வருடம் கூட்டாட்சி நீதிமன்றம்தான் அவர்களை மறித்தது. மினாராத் தடையோ அரசியலமைப்புக்குள்ளேயே போய்விட்டது, இன்றும் இருக்கிறது. 1956இல் இலங்கைப் பாராளுமன்றத்தில், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டத்துக்கு 56 பேர் ஆதரவு, 29 பேர் எதிர்ப்பு என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! எண்ணிக்கை குறைந்தவனுக்கு வோட்டு மட்டும் காவல் இல்லை. அவனுக்காக மறிக்கவும் ஒரு இடம் வேண்டும். மூன்று வருடத்துக்கு என்று 1979இல் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கும் ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதனால் என் பதில் இதுதான் அப்பா: வோட்டு இல்லாமலும் இங்கே நான் வாய் திறந்து கதைக்கிறேன். பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகை பிடித்திருக்கிறேன். வீட்டுக்கு யாரும் வந்து விசாரிக்கவில்லை. ஆனாலும் அந்த உறை என் பெயருக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

இன்னொன்று. இந்த நாட்டுப் பெண்களுக்குக் கூட்டாட்சி வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். அப்போது அந்த அம்மாவுக்கு 36 வயது. எங்கள் நாட்டுப் பெண்களுக்கு 1931இலேயே கிடைத்தது, என்னுடைய அம்மம்மா 1956இல் வோட்டுப் போட்டவ என்று சொன்னேன். நம்பாமல் என்னையே பார்த்தார். பிறகு, "அவவுக்கும் என் வயதுதானே? அன்றைக்கு யாரோடு போனா, என்ன நினைத்தா என்று கேட்டுச் சொல்" என்றார்.

அம்மம்மாவுக்கு ஞாபகம் நல்லாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள். நான் ஜெர்மனில் வாசித்துக் காட்டவேண்டும்.

அன்பு மகள்