சளியில் இல்லையென்றால் நோயே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் காசநோய் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை.’ உங்களுக்குத் தெரியாததா ஐயா? இது எப்படி அச்சேறியது என்று மூன்று நாளாக மனம் ஆறவில்லை.

இதே வார்த்தையை நம்பித்தான் என் மகளுக்கு இரண்டு மாதம் வீணானது. அப்போது அவளுக்கு 23 வயது. சாயங்காலமானால் காய்ச்சல், மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தல். வறட்டு இருமல்தான், சளி கிடையாது. கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, துப்பிக்கொண்டு வா என்றார்கள். ஆழமாக மூச்சிழுத்து அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தை எச்சிலைத் துப்பிக் கொடுத்தாள். நெகடிவ் என்று சீட்டு வந்தது. காய்ச்சல் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு எக்ஸ்ரேயில் நெஞ்சில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. முதுகில் ஊசி போட்டு எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தது. மைக்ராஸ்கோப்பிலும், கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் மெஷினிலும் கிருமி தெரியவில்லை. மறுபடியும் ‘டிபி இல்லை’!

வேறொரு டாக்டர்தான் உட்கார வைத்து விளக்கினார். மைக்ராஸ்கோப்பில் தெரிய, ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருக்க வேண்டுமாம். நுரையீரல் உறையில் வரும் டிபியில் கிருமி சொற்பம்; அந்தக் கொஞ்சத்தோடு உடம்பு மல்லுக்கட்டுவதால்தான் நீரே சேர்கிறது. அதனால் அந்த நீரில் கிருமி தெரியாமல் போவதுதான் வழக்கம். நீரில் ஏடிஏ என்ற நொதி எவ்வளவு, லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் உறையிலிருந்து சதைத் துணுக்கு எடுக்க வேண்டும் என்றார். ஏடிஏ 40-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். இவளுக்கு 78.

சதையும் எடுத்தார்கள். எடுத்ததை மொத்தமாக, சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் மருந்தில் போட்டுவிட்டார்கள். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வைக்க, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. பாதியை சலைனில் போட்டிருந்தால் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று தெரிந்திருக்கலாம். அது தெரியாமலே ஆறு மாதம் மாத்திரை கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் எடை பார்க்கும்போது என் வயிறு கலங்கியது எனக்குத்தான் தெரியும்.

என் அண்ணனுக்கு 2010-ல் ரத்தத்திலேயே டிபி கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு தனியார் லேபில் பணம் வாங்கினார்கள். அந்த மாதிரி எதிர்ப்பொருள் பரிசோதனைகளை நம்ப முடியாது என்று 2012-ல் மத்திய அரசே தடை செய்தது. நம் பத்திரிகையை அப்பா காலத்திலிருந்து வாங்குகிறோம். அந்தச் செய்தியை நான் அதில் படித்த நினைவே இல்லை. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வுதான், நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம், கூட இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று உலகத்துக்கே காட்டியது. நம் ஊர் ஆய்வு! ஆனாலும் என் நாத்தனார் என் மகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார். நுரையீரல் பாதிக்காமல் உறையில் மட்டும் இருக்கும் டிபி பொதுவாக மற்றவர்களுக்குத் தொற்றாது என்பதை நீங்கள் எழுதியிருந்தால் அவர் படித்திருப்பார். என் பேச்சைவிட உங்கள் அச்சுக்கு அவரிடம் மதிப்பு அதிகம்.

நான் கேட்பது இரண்டு வரி. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், சளியில் கிருமி இல்லை என்றால் டிபியே இல்லை என்று அர்த்தமல்ல, காய்ச்சலும் எடை குறைவும் நீடித்தால் மறுபடி டாக்டரிடம் போங்கள் என்று போடுங்கள். இடமிருந்தால் சளி எடுக்கும் முறையையும் சேருங்கள்.

மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். தயவுசெய்து என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி