சாவி குடுக்கும்போது அடாஸ் ஆன்ல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வேலூர்ல 19 வருஷமா ஆக்டிங் டிரைவரா இருக்கேன். இன்னிக்கு ஒரு வண்டி, நாளைக்கு வேற வண்டி. முன்னெல்லாம் ரெண்டு தெரு ஓட்டினா போதும், கிளட்ச் பிரேக் எல்லாம் காலுக்குப் பழகிடும். இப்ப வர்ற அடாஸ் வண்டிங்க, அதாவது ஓட்டறவருக்கு உதவி பண்ற எலக்ட்ரானிக் சிஸ்டம் உள்ள வண்டிங்க, அப்படி இல்லைங்க, கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கேமரா, முன்பக்கம் ரேடார், அதுவும் நம்ம கூட சேர்ந்து ஓட்டுது.

சத்துவாச்சாரியில இருந்து ஒரு குடும்பத்தை பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு கூட்டிட்டுப் போனேன், விடியகாலம் 3 மணி, பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் பக்கம் போறப்ப லைட்டே இல்லாம ஒரு பைக் ராங் சைடுல எதிர்ல வந்துட்டான், நான் டக்குனு வலது பக்கம் ஒடிச்சேன், ஸ்டீயரிங் என் கையிலேயே திரும்ப இடது பக்கம் இழுக்குது. யாரோ பக்கத்துல உக்காந்து புடிச்சு இழுக்கிற மாதிரி. கெட்டியா புடிச்சு திருப்பினேன், தப்பிச்சோம், பின் சீட்ல கைக்குழந்தை தூங்கிட்டிருந்துச்சு. ஓனர் தம்பிகிட்ட கேட்டா "அது லேன் அசிஸ்ட்ணா, சொல்ல மறந்துட்டேன்"ங்கறாரு.

அப்புறம்தான் விசாரிச்சு தெரிஞ்சுகிட்டேன். கேமரா ரோட்டுல இருக்கிற வெள்ளைக் கோட்டைத்தான் பாக்குது, இண்டிகேட்டர் போடாம கோட்டைத் தாண்டினா டிரைவர் கண் அசந்துட்டான்னு நினைச்சு உள்ள இழுக்குமாம். நம்ம கைதான் ஜெயிக்கும், ஆனா என்ன நடக்குதுன்னு புரியவே ஒரு செகண்ட் போயிடுது, 100ல போறப்ப ஒரு செகண்டுல வண்டி 28 மீட்டர் ஓடிடும்.

இதைவிட பயம் என்னன்னா, அது சத்தமில்லாம விட்டுட்டுப் போறது. ரோடு வேலை நடக்கிற இடத்துல பழைய கோடும் புதுக் கோடும் ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும், கேமராவுக்கு ஒண்ணும் புரியாது, மீட்டர்ல பச்சையா இருந்த குட்டி ஸ்டீயரிங் படம் வெளுத்துப் போயிடும், அவ்ளோதான். அது பாத்துக்குதுன்னு நாம இருப்போம், நாம பாத்துக்கறோம்னு அது இருக்கும். 2018ல அமெரிக்காவுல அரிசோனா டெம்பியில ஊபர் கம்பெனியோட தானா ஓடுற டெஸ்ட் வண்டி ரோட்டைத் தாண்டின ஒரு அம்மாவை இடிச்சு அவங்க இறந்துட்டாங்க, சென்சார் 5.6 செகண்ட் முன்னாடியே அவங்களைப் பாத்துடுச்சு ஆனா இன்னதுன்னு முடிவு பண்ணல, சீட்ல இருந்தவங்க கண்ணு போன்ல இருந்துச்சு. நம்ம ஊர்ல விக்கிறது லெவல் 2 தான், வண்டி எவ்வளவு தூரம் தானா ஓட்டும்னு சொல்ற 0ல இருந்து 5 வரைக்கும் உள்ள கணக்குல அது 2, அதாவது முழு நேரமும் ரோட்டைப் பாக்க வேண்டியது டிரைவர்தான். இதை ஷோரூம்ல எத்தனை பேர் சொல்லிக் குடுக்கறாங்க?

நான் இதை வேணாம்னு சொல்லலைங்க. வாணியம்பாடி கிட்ட சென்டர் மீடியன்ல இருந்து மாடு குறுக்க வந்தப்ப என் கால் போறதுக்குள்ள வண்டியே பிரேக் அடிச்சு நின்னுச்சு. அந்த உபகாரத்தை மறக்க மாட்டேன்.

ஓனருங்க சாவி குடுக்கும்போது எது எது ஆன்ல இருக்குன்னு சொல்லிட்டு குடுங்க. ஷோரூம்காரங்க டெலிவரி அன்னிக்கு மாலை போட்டு போட்டோ எடுக்கிறதோட விடாம, வீட்ல யார் யார் ஓட்டுவாங்களோ அவங்களையும் வெச்சு ஒரு மணி நேரம் பைபாஸ்ல ஓட்டிக் காட்டுங்க. ஹைவேஸ்காரங்க டைவர்ஷன் போடுற இடத்துல பழைய கோட்டை அழிச்சிட்டுப் போங்க.

இப்பல்லாம் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன். போன வாரம் ஒரு சாருக்கும் தெரியல, காட்பாடியில அவர் வீட்டு வாசல்லயே ரெண்டு பேரும் உக்காந்து புக்கைப் பிரிச்சு அரை மணி நேரம் தேடி அந்த சுவிட்சைக் கண்டுபிடிச்சோம், அதுக்கப்புறம்தான் கிளம்பினோம்.

இப்படிக்கு,
ஒரு ஆக்டிங் டிரைவர், வேலூர்